கடைசியாக ஏறியது முதலில் இறங்க வேண்டும்

லினக்ஸ் கணினி ஒன்றில், எஸ்எஸ்டியிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு 1 ஜிபி வீடியோவை நகல் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு விநாடியில் கட்டளை முடிந்து, அடுத்த கட்டளைக்காகக் கர்சர் துடிக்கிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதக்கூடியது. 1 ஜிபியை எழுத ஏறக்குறைய ஏழு விநாடி வேண்டும். மிச்ச ஐந்து விநாடி வேலை எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. அது இன்னும் நடக்கவில்லை. நகல் எடுக்கும் நிரல் கொடுத்த தரவைக் கெர்னல் வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்று பதில் சொல்லிவிட்டது. அந்தக் கணத்தில் கரண்ட் போனால் வீடியோவின் பெரும்பகுதி போய்விடும்.

கணினி அணையும்போது திரையில் ஓடி மறைகிற வரிகளில் பல இந்தப் பாக்கியைத் தீர்ப்பதைப் பற்றியவைதான். மெமரி, ஃபைல் சிஸ்டம், பல டிஸ்குகளை ஒன்றாக்கும் ரெய்டு, டிஸ்க் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கும் தன்னிடம் தேங்கியதைக் கீழே அனுப்பிவிட்டு, ‘நான் ஒழுங்காக மூடப்பட்டேன்’ என்று டிஸ்கில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதை எழுதும்வரை அதற்குக் கீழே இருக்கும் அடுக்கு உயிரோடு இருந்தாக வேண்டும். ஷட்டவுனில் வருகிற சிக்கல் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருவதுதான்.

மெமரியில் காத்திருப்பவை

டிஸ்குக்குப் போகாமல் மெமரியில் காத்திருக்கும் தரவுப் பக்கங்களுக்கு ‘டர்ட்டி பேஜ்’ என்று பெயர். கெர்னலின் வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை ஒரு பின்னணி வேலை விழித்தெழும். 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களைப் பொறுக்கி டிஸ்குக்கு அனுப்பும். இப்படிப்பட்ட பக்கங்கள் பயன்படுத்தக்கூடிய மெமரியில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நேரம் பார்க்காமல் எழுதத் தொடங்கிவிடும். 20 சதவீதத்தை எட்டினால், எழுதுகிற நிரலையே சற்று நிறுத்திவைக்கும். ஆக, ஒரு கோப்பைச் சேமித்த பிறகும் அரை நிமிடம்வரை அது மெமரியில் மட்டுமே இருக்கக்கூடும். இதைப் பொறுக்க முடியாத டேட்டாபேஸ் போன்ற நிரல்கள், ‘டிஸ்கில் சேர்ந்துவிட்டதா’ என்று கெர்னலைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். மற்ற நிரல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

‘சிங்க்’ என்ற கட்டளை, காத்திருப்பவை அனைத்தையும் உடனே எழுதச் சொல்கிறது. பழைய யூனிக்ஸ் ஆட்கள் கணினியை நிறுத்தும் முன் அதை மூன்று முறை அடிப்பது வழக்கம். ஆனால் சிங்க் மட்டும் போதாது. அது முடிந்த அடுத்த நொடியே வேறொரு நிரல் புதிதாக எழுதத் தொடங்கலாம். அதைவிட முக்கியம், ஃபைல் சிஸ்டம் ‘மூடப்பட்டது’ என்ற குறிப்பை சிங்க் எழுதுவதில்லை.

கெர்னல் அனுப்பிய பிறகும் கதை முடியவில்லை. டிஸ்குக்குள்ளேயே ஒரு சிறு மெமரி உண்டு. வந்த தரவை அதில் வாங்கிவைத்து, தனக்கு வசதியான வரிசையில் தட்டில் எழுதுவது டிஸ்கின் பழக்கம். அதையும் காலி செய்யச் சொல்லித் தனி உத்தரவு போக வேண்டும். அந்த உத்தரவு ஷட்டவுனின் கடைசிக் கட்டத்தில் வரும்.

அன்மவுண்ட் செய்யும்போது

ஒரு ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்யச் சொன்னால் கெர்னல் முதலில் ஒன்றைத்தான் பார்க்கும்: இதை யாராவது பயன்படுத்துகிறார்களா? ஒரு கோப்பு திறந்திருந்தாலும், ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தாலும், ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று மறுத்துவிடும். யாரும் இல்லை என்றால், தேங்கிய பக்கங்களை எழுதும், ஜர்னலை முடித்துவைக்கும், கடைசியாக, ஃபைல் சிஸ்டத்தின் தலைக்குறிப்பான சூப்பர்பிளாக்கில் நிலையைத் திருத்தும்.

இந்த ஜர்னல்தான் பலரையும் அலட்சியமாக இருக்க வைக்கிறது. 2001இல் லினக்ஸ் 2.4.15 கெர்னலோடு எக்ஸ்ட்3 வந்தபோது ஜர்னல் பரவலாயிற்று. அதற்கு முன் எக்ஸ்ட்2 காலத்தில், கரண்ட் போய் வந்தால் டிஸ்க் முழுவதையும் எஃப்எஸ்சிகே என்ற சோதனை நிரல் அலசி முடிக்கும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும். ஜர்னல் வந்த பிறகு, செய்யப்போகும் மாற்றம் முதலில் ஒரு தனி இடத்தில் எழுதப்படுகிறது. பிறகுதான் உரிய இடத்தில் செய்யப்படுகிறது. பாதியில் நின்றுபோனால், அடுத்த முறை மவுண்ட் ஆகும்போது ஜர்னலில் முழுமையாக உள்ளவை மறுபடி செய்யப்படும், அரைகுறையானவை விடப்படும். சில விநாடியில் முடிந்துவிடும்.

ஆனால் ஜர்னல் எதைக் காக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்4இன் வழக்கமான முறையில் ஜர்னலுக்குள் போவது கோப்புகளின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்கள் மட்டுமே. உள்ளடக்கம் போவதில்லை. ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பு குலையாமல் இருக்கும். நேற்று அரைகுறையாக எழுதிய அறிக்கை திரும்பி வராது. தவிர, ஜர்னலின் வாக்குறுதி முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ‘முதலில் எழுது’ என்று சொன்னதைக் கீழே உள்ள அடுக்கு முதலில் எழுதும், எழுதியதை மாற்றாமல் திருப்பித் தரும். கீழே இருப்பது ஒற்றை டிஸ்காக இல்லாமல் ரெய்டாக இருந்தால் அந்த நம்பிக்கைக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது.

தொடாத பிளாக் எப்படிக் கெடும்

லினக்ஸில் மென்பொருள் ரெய்டை நடத்துவது கெர்னலின் எம்டி பகுதி. அதைக் கட்டி மேய்க்கும் கருவி, நீல் பிரவுன் எழுதிய எம்டிஅட்ம். ஒவ்வொரு டிஸ்கிலும் எம்டி தனக்கென ஒரு சூப்பர்பிளாக் வைத்திருக்கும். இது எந்த அரேவை, அதாவது டிஸ்க் கூட்டைச் சேர்ந்த டிஸ்க், எத்தனையாவது உறுப்பு, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு குறிப்பு: அரே ‘கிளீன்’ நிலையில் இருக்கிறதா, இல்லையா.

கிளீன் என்றால் எல்லா டிஸ்குகளும் ஒத்த நிலையில் இருக்கின்றன, நடுவில் நிற்கும் எழுத்து எதுவும் இல்லை என்று பொருள். ரெய்டு 1இல் ஒரே பிளாக்கை இரண்டு டிஸ்கிலும் எழுத வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் எழுதி முடிக்காது. ஒன்றில் புதியது, மற்றொன்றில் பழையது என்ற ஒரு நேரம் இருந்தே தீரும். அதனால் முதல் எழுத்து வருமுன் எம்டி தன் சூப்பர்பிளாக்கில் ‘கிளீன் இல்லை’ என்று எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். எழுத்து ஓய்ந்து சுமார் 0.2 விநாடி அமைதியாக இருந்தால் மறுபடி கிளீன் என்று மாற்றும். நாள் முழுவதும் இந்தக் குறி மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும்.

கிளீன் குறி இல்லாமல் கரண்ட் போனால் அடுத்த பூட்டில் எம்டிக்கு எந்த இடத்தில் வேறுபாடு என்று தெரியாது. முழு டிஸ்கையும் ஒப்பிட்டுச் சரிசெய்யத் தொடங்கும். இதுதான் ரீசிங்க். 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி என்றால் ஏழரை மணி நேரம். நடுவில் சர்வரும் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தோம் என்பதைக் குறித்துவைக்கும் ‘பிட்மேப்’ வசதி போட்டிருந்தால் அந்தப் பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டுச் சீக்கிரம் முடித்துவிடும்.

ரெய்டு 1இல் இழப்பது பெரும்பாலும் நேரம்தான். ரெய்டு 5இல் விவகாரம் வேறு. மூன்று டிஸ்க் கொண்ட ஒரு ரெய்டு 5ஐ எடுத்துக்கொள்வோம். முதல் டிஸ்கில் 5, இரண்டாவதில் 3. மூன்றாவதில் இவற்றின் பேரிட்டி, அதாவது இரண்டையும் இருமத்தில் எழுதி, இலக்கங்கள் வேறுபடும் இடத்தில் 1 போட்டால் கிடைக்கும் எண். 5 என்பது 101, 3 என்பது 011. பேரிட்டி 110, அதாவது 6. மூன்றில் ஏதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்ற இரண்டையும் வைத்து அதே முறையில் கணக்கிட்டால் போனது கிடைத்துவிடும்.

இப்போது முதல் டிஸ்கில் உள்ள 5ஐ 4 என்று மாற்றுகிறோம். பேரிட்டியும் 7 என்று மாற வேண்டும். முதல் டிஸ்கில் 4 எழுதியாயிற்று. பேரிட்டி மாறுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மூன்றாவது டிஸ்கில் இன்னும் 6தான் இருக்கிறது. மூன்று டிஸ்கும் நலமாக இருந்தால் பாதகமில்லை. ரீசிங்க் ஓடி பேரிட்டியைத் திருத்திவிடும். அதற்குள் இரண்டாவது டிஸ்க் செத்துப்போனால்? எம்டி 4ஐயும் 6ஐயும் வைத்துக் கணக்கிடும். 100, 110, விடை 010, அதாவது 2. அங்கே இருந்தது 3. அந்த இரண்டாவது டிஸ்கில் யாரும் எதையும் எழுதவில்லை. பல மாதமாகத் தொடாத ஏதோ ஒரு கோப்பின் துண்டு அது. அது சத்தமில்லாமல் வேறொன்றாக மாறிவிட்டது. எக்ஸ்ட்4இன் ஜர்னலுக்கு இது தெரியவே தெரியாது. அதன் பார்வையில் அந்தக் கோப்பில் மாற்றமே நடக்கவில்லை.

இதை ‘ரைட் ஹோல்’ என்பார்கள். இந்த ஆபத்தை அறிந்துதான், ஒரு டிஸ்க் இல்லாமல், கிளீன் குறியும் இல்லாமல் வருகிற ரெய்டு 5ஐ எம்டி தானாகத் தொடங்க மறுக்கும். கட்டாயப்படுத்தித் தொடங்க வழி உண்டு. அப்படிச் செய்பவர் தரவு கெட்டிருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஒழுங்கான ஷட்டவுன் என்பது இந்த நிலைக்கு வராமல் இருப்பதற்கான ஏற்பாடு.

இறங்கும் வரிசை

ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். இரண்டு டிஸ்க் சேர்ந்து எம்டி0 என்ற ரெய்டு 1. அதன் மேல் லக்ஸ் என்கிற குறியாக்கம். அதன் மேல், இடத்தை வால்யூம்களாகப் பிரிக்கும் எல்விஎம். எல்விஎம்மில் வெட்டிய ஒரு வால்யூமில் எக்ஸ்ட்4. அது ‘டேட்டா’ என்ற ஃபோல்டரில் மவுண்ட் ஆகியிருக்கிறது. அதற்குள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

பூட் ஆகும்போது இவை கீழிருந்து மேலே ஏறின. அணையும்போது மேலிருந்து கீழே இறங்க வேண்டும். முதலில் டேட்டாபேஸை நிறுத்த வேண்டும். பிறகு ஃபோல்டரை அன்மவுண்ட் செய்ய வேண்டும். பிறகு எல்விஎம்மின் வால்யூம் குழுவைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். பிறகு லக்ஸை மூட வேண்டும். அதன் பிறகுதான் எம்டிஅட்ம் கட்டளையால் எம்டி0வை நிறுத்தலாம். வரிசை தப்பினால் எம்டிஅட்ம் ‘அரேவைத் தனியாகக் கையில் எடுக்க முடியவில்லை, ஓடும் நிரலோ, மவுண்ட் ஆன ஃபைல் சிஸ்டமோ, செயலில் உள்ள வால்யூம் குழுவோ இருக்கலாம்’ என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். செய்தி தெளிவானதுதான். ஆனால் மூன்றில் எது என்று அது சொல்லாது. எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்தால் டிஸ்கிலிருந்து ஃபோல்டர்வரை எல்லா அடுக்கும் மரம்போல விரிந்து தெரியும். எம்டி0வுக்குக் கீழே கிளை ஏதாவது மிச்சம் இருந்தால் அதுதான் பிடித்துவைத்திருக்கிறது.

ஃபோல்டரை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதை ஃபியூசர், எல்எஸ்ஓஎஃப் இரண்டும் காட்டும். பெரும்பாலும் அங்கே சிக்குவது பெரிய நிரல் எதுவும் இல்லை. யாரோ அந்த ஃபோல்டருக்குள் போய்விட்டு மூட மறந்த டெர்மினல். ஆனால் இந்தக் கருவிகளின் கண்ணில் எளிதில் படாதவையும் உண்டு. அந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரு ஸ்வாப் கோப்பு செயலில் இருக்கலாம். உள்ளே இருக்கும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பு லூப் டிவைஸாக வேறெங்கோ மவுண்ட் ஆகியிருக்கலாம். என்எஃப்எஸ் வழியாக வெளியே பகிரப்பட்டிருக்கலாம். இந்த மூன்றிலும் ஃபைல் சிஸ்டத்தைப் பிடித்திருப்பது கெர்னலே என்பதால் நிரல் பட்டியலில் அது வராது. கன்டெய்னர் ஒன்று தன் தனி மவுண்ட் பட்டியலில் அதே ஃபைல் சிஸ்டத்தை வைத்திருக்கலாம். வெளியிலிருந்து அன்மவுண்ட் செய்தது வெற்றி என்று வரும், ஆனால் கன்டெய்னருக்குள் அது இன்னும் உயிரோடு இருக்கும்.

பிஸி என்று மறுக்கும்போது பலரும் எடுப்பது ‘லேசி’ அன்மவுண்ட். பிழைச் செய்தி வராது. ஃபோல்டரும் காலியாகத் தெரியும். நடந்தது என்னவென்றால், பெயர் மட்டும் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கிறது. திறந்திருந்த கோப்புகள் திறந்தே இருக்கின்றன. நிரல்கள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. கடைசிக் கோப்பு மூடப்படும்போதுதான் உண்மையான அன்மவுண்ட் நடக்கும். ரெய்டை நிறுத்தப்போகும் இடத்தில் இது குழி. எம்டிஅட்ம் மறுக்கும், எதனால் என்று தேடினால் மவுண்ட் பட்டியலில் எதுவும் இருக்காது. தடயத்தையும் சேர்த்து அழித்துவிட்டோம்.

சிஸ்டம்டி செய்வது

இந்த வரிசையை யார் நினைவில் வைத்திருப்பது? முன்பு ஷெல் ஸ்கிரிப்டுகள் வைத்திருந்தன. சிஸ்வி இனிட் காலத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு எண் இருக்கும். எண் வரிசையில் எல்லாம் நிறுத்தப்படும். பிறகு மிச்சமுள்ள நிரல்களுக்கு டெர்ம் சிக்னல், சில விநாடி பொறுத்து கில் சிக்னல். பிறகு எல்லாவற்றையும் அன்மவுண்ட் செய்யும் ஒரு வரி. புதிதாக ஒரு அடுக்கு வந்தால் நிர்வாகிதான் சரியான எண் பார்த்துச் செருக வேண்டும்.

2010இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி, எண்ணுக்குப் பதிலாக உறவைக் கேட்டது. டெபியன் 8இல், அதாவது 2015இல், அதுவே இயல்பான அமைப்பாயிற்று. ‘டேட்டா ஃபோல்டர் மவுண்ட் ஆன பிறகுதான் இந்தச் சேவை தொடங்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால், நிறுத்தும்போது அதே உறவு தலைகீழாகப் பொருந்தும்: சேவை நின்ற பிறகுதான் அந்த ஃபோல்டர் அன்மவுண்ட் ஆகும். தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என இரண்டு பட்டியல் தேவையில்லை.

ஆனால் அந்த ஒரு வரியை எழுத மறந்துவிட்டால், தொடக்கத்தில் தற்செயலாகச் சரியாக நடப்பது முடிவில் தவறக்கூடும். வேகமான எஸ்எஸ்டியில் ஃபோல்டர் எப்படியும் முன்னதாகவே மவுண்ட் ஆகிவிடும், சேவை தொடங்கிவிடும், எந்தக் குறையும் தெரியாது. அணைக்கும்போது சேவை நிற்குமுன் அன்மவுண்ட் முயற்சி வந்து, பிஸி என்று தோற்கலாம். சேவைக் கோப்பில் ‘ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்’ என்ற வரியில் அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

நெட்வொர்க் வழி வரும் டிஸ்குகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். என்எஃப்எஸ் என்றால் வகையைப் பார்த்தே இது நெட்வொர்க் சமாசாரம் என்று சிஸ்டம்டி புரிந்துகொண்டு, நெட்வொர்க்கை நிறுத்துமுன் அதை அன்மவுண்ட் செய்துவிடும். ஐஸ்கஸி வழியாக வரும் டிஸ்கில் எக்ஸ்ட்4 இருந்தால் அது பார்வைக்கு உள்ளூர் டிஸ்க் போலவே இருக்கும். எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியின் விருப்பங்களில் ‘நெட்டெவ்’ குறியைச் சேர்க்காவிட்டால் நெட்வொர்க் முதலில் போய்விடக்கூடும். அப்புறம் எழுத வேண்டியதை எழுத வழியில்லாமல் அன்மவுண்ட் தொங்கிக்கொண்டு நிற்கும்.

ஒரு சேவை நிற்க மறுத்தால் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி பொறுக்கும். திரையில் ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்ற வரியும் ‘1 நிமிடம் 30 விநாடி’ என்ற எல்லையும் தெரிவது இதனால்தான். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது பலரின் பழக்கம். அங்கே காத்திருப்பது பெரும்பாலும் எழுதி முடிக்காத ஒரு டேட்டாபேஸாகவோ விர்ச்சுவல் மெஷினாகவோ இருக்கும். அந்த 90 விநாடியே அதற்கான அவகாசம்.

சேவைகளும் மவுண்டுகளும் இப்படி முறையாக நின்ற பிறகு இரண்டாம் கட்டம் தொடங்கும். முதல் பிராசஸாக இருந்த சிஸ்டம்டி தன் இடத்தில் ‘சிஸ்டம்டி ஷட்டவுன்’ என்ற சிறிய நிரலை ஏற்றிவிடுகிறது. அது யாருடைய உறவையும் பார்ப்பதில்லை. மிஞ்சிய நிரல்களுக்கு டெர்ம், பிறகு கில். அப்புறம் ஒரு சுற்று ஓடுகிறது: மவுண்ட் ஆனவற்றை அன்மவுண்ட் செய், ஸ்வாப்பை நிறுத்து, லூப் டிவைஸ்களை விடுவி, எம்டி அரேக்களை நிறுத்து, லக்ஸும் எல்விஎம்மும் அடங்கிய டிவைஸ் மேப்பர்களைக் கழற்று. சுற்று முடிந்ததும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மறுபடி ஒரு சுற்று. ஏன் மறுபடி? முதல் சுற்றில் எம்டி0 நிற்க மறுத்திருக்கும், அதன் மேல் லக்ஸ் இருந்ததால். அதே சுற்றின் கடைசியில் லக்ஸ் கழன்றுவிட்டது. இரண்டாம் சுற்றில் எம்டி0 நின்றுவிடும். அடுக்கு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமலேயே எல்லாவற்றையும் இறக்க இது ஒரு எளிய உத்தி. ஒரு சுற்றில் எதுவுமே நகரவில்லை என்றால் நிரல் முயற்சியை நிறுத்திவிடும்.

ரூட்டை என்ன செய்வது

இதுவரை சொன்னதில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். அன்மவுண்ட் செய்யும் நிரலும், எம்டிஅட்ம் கருவியும், அவை நம்பியிருக்கும் லைப்ரரிகளும் எங்கே இருக்கின்றன? ரூட் ஃபைல் சிஸ்டத்தில். அதை அன்மவுண்ட் செய்வது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது. ரூட்டே ஒரு ரெய்டின் மேல் இருந்தால் அந்த ரெய்டையும் நிறுத்த முடியாது.

இதற்குப் பழைய விடை, அன்மவுண்ட் செய்யாமல் ரூட்டை ‘ரீட் ஒன்லி’ ஆக மறுபடி மவுண்ட் செய்வது. படிக்கலாம், எழுத முடியாது. எக்ஸ்ட்4 அந்த மாற்றத்தின்போது தேங்கியதை எழுதி, ஜர்னலை முடித்து, ‘மீட்பு தேவை’ என்ற குறியையும் நீக்கிவிடும். எழுத்து நின்றதும் கீழே உள்ள எம்டியும் 0.2 விநாடியில் தன்னைக் கிளீன் என்று குறித்துக்கொள்ளும். அதற்கும் மேலாக, கணினி அணையப்போகிறது என்று கெர்னல் தனக்குள் அறிவிக்கும்போது அதைக் கேட்க எம்டி ஏற்கெனவே பெயர் பதிந்துவைத்திருக்கிறது. அறிவிப்பு வந்ததும் எழுத்தை நிறுத்தி, கிளீன் குறியைப் போட்டுவிடும். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அரே ‘நின்றதா’ என்பது ஒரு கேள்வி. ‘கிளீன் ஆயிற்றா’ என்பது வேறு கேள்வி. தரவைக் காப்பது இரண்டாவதுதான். நிறுத்த முடியாத ரூட் அரே, கிளீன் ஆகிவிட்டால் கவலையில்லை. நிறுத்துவதில் பிடிவாதம் பிடித்து, கடைசி நேரத்தில் ஸ்கிரிப்டில் கட்டாய வழிகளைச் சேர்ப்பவர்கள் தவறான கேள்விக்கு விடை தேடுகிறார்கள்.

புதிய விடை இன்னும் முழுமையானது. பூட் ஆகும்போது ரூட்டைக் கண்டுபிடித்து மவுண்ட் செய்ய, மெமரியில் ஏறும் ஒரு சின்ன லினக்ஸ் உதவுகிறது. அதற்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். ட்ராகட் போன்ற கருவிகள் அதை அணையும் நேரத்துக்கும் மறுபடி விரித்துவைக்கின்றன. எல்லாவற்றையும் இறக்கிய பின் சிஸ்டம்டி ஷட்டவுன் அந்த மெமரி லினக்ஸுக்குத் தாவிவிடும். இப்போது ரூட்டின் மேல் யாரும் நிற்கவில்லை. அதையும் அன்மவுண்ட் செய்து, அதன் கீழுள்ள லக்ஸை மூடி, ரெய்டையும் நிறுத்திவிடலாம். பூட்டில் முதலில் வந்தது ஷட்டவுனில் கடைசியில் போகிறது.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. இன்டெல் மதர்போர்டுகளோடு வரும் ரெய்டின் குறிப்புகளைக் கெர்னல் நேராக எழுதுவதில்லை. எம்டிமான் என்ற சாதாரண நிரல் எழுதுகிறது. எல்லா நிரலையும் கொல்லும் கட்டத்தில் இதையும் கொன்றால் கிளீன் குறி போட ஆளிருக்காது. அதனால் ஒரு உடன்பாடு வந்தது: ரூட் பயனரின் நிரல் ஒன்றின் பெயர் ‘அட்’ குறியில் தொடங்கினால் சிஸ்டம்டி அதைக் கொல்லாது. எம்டிமான் தன் பெயரின் முதல் எழுத்தையே அந்தக் குறியாக மாற்றிக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது.

எல்லாம் இறங்கிய பிறகு கெர்னல் டிஸ்குகளிடம் பேசும். ‘சிங்க்ரனைசிங் ஸ்கஸி கேஷ்’ என்ற வரி திரையில் வரும். டிஸ்குக்குள் தேங்கியதை எழுதச் சொல்லும் உத்தரவு அது. முழுவதுமாக அணைப்பதாக இருந்தால் ‘ஸ்டாப்பிங் டிஸ்க்’ என்று இன்னொன்று: டிஸ்க் தன் ஹெட்டை ஓரத்தில் நிறுத்திச் சுழற்சியை நிறுத்தும். அதன் பிறகுதான் மின்சாரம் துண்டிக்கப்படும்.

வழி அடைபட்டால்

கணினி உறைந்து, எந்தக் கட்டளையும் ஏறாத நிலை வரலாம். அப்போதும் பவர் பட்டனுக்கு முன்னால் ஒரு படி உண்டு. ஆல்ட், சிஸ்ஆர்கியூ இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளைச் சற்று இடைவெளி விட்டு அழுத்துவது. எஸ் என்றால் தேங்கியதை எழுது. யு என்றால் எல்லாவற்றையும் ரீட் ஒன்லி ஆக்கு. பி என்றால் உடனே ரீபூட். இவை நேராகக் கெர்னலுக்குப் போகும் உத்தரவுகள் என்பதால் மேலே உள்ள நிரல்கள் செத்திருந்தாலும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். உபுண்டு பாதுகாப்புக் கருதி இந்த வரிசையில் பல எழுத்துகளை முடக்கிவைத்திருந்தாலும் இந்த மூன்றையும் திறந்தே வைத்திருக்கிறது.

ரீபூட் கட்டளையோடு சேர்க்கும் ‘ஃபோர்ஸ்’ விருப்பத்தில் கவனம் வேண்டும். ஒருமுறை கொடுத்தால் சேவைகளை ஒழுங்காக நிறுத்தாமல் எல்லா நிரலையும் கொன்றுவிட்டு அன்மவுண்ட் செய்யும். இரண்டு முறை கொடுத்தால் அன்மவுண்ட்டும் கிடையாது. ப்ளக்கைப் பிடுங்குவதற்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. பேட்டரி முழுவதும் காலியாகுமுன் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கும்போது ஷட்டவுன் தொடங்க வேண்டும்? ஒரு சேவைக்கு 90 விநாடி அவகாசம். அதற்குப் பிறகு கொல்லும் கட்டத்துக்கும் அன்மவுண்ட் சுற்றுகளுக்கும் நேரம். கரண்ட் இருக்கும்போது ஒருமுறை சர்வரை அணைத்து, கட்டளை கொடுத்ததிலிருந்து விளக்கு அணையும்வரை நேரம் பார்த்து, அதைப்போல இரண்டு மடங்கு பேட்டரி மிச்சமிருக்கும்போது தொடங்கும்படி அமைத்தால் போதும்.

அடுத்த பூட்டில் பார்க்க வேண்டியவை

ஷட்டவுனின் கடைசி வரிகள் பெரும்பாலும் லாகில் இருக்காது. லாக் எழுதும் சேவை அதற்கு முன்பே நின்றுவிட்டது. அது எழுதும் ஃபைல் சிஸ்டமும் போய்விட்டது. அதனால் ஒழுங்காக அணைந்ததா என்பதை அணையும்போது தேடிப் பயனில்லை. அடுத்த பூட்டில் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும்.

கெர்னல் செய்திகளில் எக்ஸ்ட்4 ‘ரிகவரி கம்ப்ளீட்’ என்று சொன்னால், அந்த ஃபைல் சிஸ்டம் அன்மவுண்ட்டும் ஆகவில்லை, ரீட் ஒன்லியும் ஆகவில்லை. எந்தச் சேவை அதைப் பிடித்திருந்தது என்று தேட வேண்டும். ‘ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்’ வரி விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ப்ராக் ஃபோல்டரில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பில் ரீசிங்க் ஓடிக்கொண்டிருந்தால் எம்டி கிளீன் குறி போடுமுன் கரண்ட் போயிருக்கிறது. ரூட் ரெய்டில் இருந்தால் இனிட்ராம்எஃப்எஸ் அணையும் நேரத்தில் விரிகிறதா என்று பார்க்கலாம். ரெய்டு 5 என்றால் அந்த ரீசிங்க் முடியும்வரை எந்த டிஸ்கையும் கழற்றக் கூடாது. மூன்றாவது, என்விஎம்இ எஸ்எஸ்டிகளின் ஸ்மார்ட் விவரத்தில் ‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். அணைக்குமுன் அதைக் குறித்துவைத்து, பூட் ஆன பின் மறுபடி பாருங்கள். ஒன்று கூடியிருந்தால் டிஸ்குக்குச் சொல்லாமலேயே மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது. மேல் அடுக்குகளைத் துருவுமுன் பவர் சப்ளையையும் யூபிஎஸ் அமைப்பையும் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் புகார் இல்லை என்றால் உங்கள் ஷட்டவுன் வரிசை சரியாக இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள்.